பேட்ச் போடுவதற்கு முன்: ஓடுகிற இசட்/ஓஎஸ்ஸுக்கு எந்த எஸ்எம்பி/இ ஜோன் சொந்தம்?

இசட்/ஓஎஸ் என்ற ஐபிஎம் இயங்குதளம் ஓடும் ஒரு மெயின்பிரேம் தளத்தின் பராமரிப்பு புதிதாக உங்கள் கைக்கு வருகிறது. அவசரப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். திருத்தங்களை நிறுவி, நிறுவியதை ஜோன் எனும் பதிவேடுகளில் எழுதிவைக்கும் கருவி எஸ்எம்பி/இ. அதைத் திறந்தால் நாலைந்து குளோபல் ஜோன் (தலைமைப் பதிவேடு), ஒவ்வொன்றின் கீழும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயரில் ஏழெட்டு டார்கெட் ஜோன் (நிறுவிய நூலகங்களின் பதிவேடு). இவற்றில் எது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் பதிவு? முன்பு இருந்தவரிடம் கேட்டால், "பெயரைப் பார்த்தாலே தெரியுமே" என்பார். பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது.

காரணம் எளிது. ஓடுகிற சிஸ்டத்துக்குத் தன்னை நிறுவிய ஜோன் எது என்று தெரியாது. ஜோனுக்கும் தான் விவரிக்கும் நூலகத்திலிருந்து எந்த எல்பார் (மெயின்பிரேமுக்குள் தனியாக ஓடும் ஒரு பகுதி) ஐபிஎல் ஆகியிருக்கிறது, அதாவது தொடங்கப்பட்டிருக்கிறது என்று தெரியாது. ஜோனிடம் இருப்பதெல்லாம் நூலகப் பெயர், வால்யூம் (வட்டு) பெயர், எந்த மாட்யூலை (நிரல் துண்டை) எந்த பிடிஎஃப் (ஐபிஎம் தரும் திருத்தம்) கடைசியாக மாற்றியது என்ற குறிப்பு, அவ்வளவுதான். யாராவது சிஸ்ரெஸ் வால்யூமை (ஓஎஸ் இருக்கும் வட்டை) முழுசாக நகல் எடுத்துவிட்டு ஜோனை நகல் எடுக்க மறந்தால், அந்தக் கணமே இரண்டும் பிரிந்துவிடும். அதைச் சொல்ல எந்த எச்சரிக்கைச் செய்தியும் வராது.

தவறான ஜோனில் அப்ளை (திருத்தத்தை நூலகங்களில் நிறுவும் கட்டளை) கொடுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும். யாரும் பயன்படுத்தாத வால்யூமில் திருத்தம் போய் உட்காரும். அறிக்கையில் "போட்டாயிற்று" என்று இருக்கும், ஓட்டை அப்படியே இருக்கும். அல்லது ஓடுகிற நூலகமே நேரடியாக மாறும். மூன்றாவதுதான் மோசம்: ஜோன் பழையது, வால்யூமில் உள்ள நிரல் புதியது. ஜோனின் கணக்கில் இல்லாத ஒரு பிடிஎஃப் அந்த மாட்யூலில் ஏற்கெனவே இருக்கிறது. எஸ்எம்பி/இ தன் பதிவை மட்டும் நம்பி, அந்தத் திருத்தத்தைச் சேர்க்காத வேறொரு பதிப்பை மேலே எழுதிவிடும். முன்பு சரிசெய்த பிழை திரும்பி வரும். யாருக்கும் காரணம் புரியாது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்விதான்: பதிவும் நிரலும் ஒன்றே என்று எப்படி நிரூபிப்பது? ஊகம் போதாது, இரண்டு பக்கத்திலிருந்தும் சாட்சி வேண்டும்.

முதல் படி: ஓடுவது எது?

எஸ்எம்பி/இ-யை இப்போதைக்கு மூடி வையுங்கள். கன்சோலில் டி ஐபிஎல்இன்ஃபோ கொடுங்கள். ஐபிஎல் ஆன தேதி, நேரம், ஓஎஸ் வெளியீடு, எந்த லோட் மெம்பர், எந்த வால்யூமிலிருந்து ஐபிஎல் என்பதெல்லாம் ஒரே பதிலில் வரும். பல எல்பார்கள் சேர்ந்த சிஸ்ப்ளெக்ஸ் என்றால் ரூட் கட்டளையில் ஸ்டார் ஆல் போட்டு எல்லா எல்பார்களிலும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுங்கள். எல்லா எல்பார்களும் ஒரே சிஸ்ரெஸ்ஸில் இருக்கின்றன என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம்; ஒன்று மட்டும் பழைய வால்யூமில் தங்கியிருப்பது சாதாரணமாக நடக்கிற கதை.

அடுத்து டி சிம்பல்ஸ். சிஸ்ஆர்1 என்ற சிம்பலின் மதிப்பு ஐபிஎல் வால்யூமாக இருக்கும். சிஸ்ரெஸ் ஒன்றுக்கு மேற்பட்ட வால்யூம்களில் பரவியிருந்தால், இரண்டாவது, மூன்றாவது வால்யூமுக்கும் உங்கள் தளத்தில் சிம்பல் வைத்திருப்பார்கள். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வால்யூம் புதியது, இரண்டாவது பழையது என்ற கலவையும் நடக்கக்கூடியதுதான்.

அப்புறம் டி ப்ராக், காற்புள்ளி, எல்என்கேஎல்எஸ்டி. லிங்க் லிஸ்ட்டில் (சிஸ்டம் நிரல்களைத் தேடும் நூலகப் பட்டியலில்) உள்ள ஒவ்வொரு நூலகமும் எந்த வால்யூமில் இருக்கிறது என்று இது காட்டும். கேட்டலாக்கை (எந்த டேட்டாசெட், அதாவது கோப்பு, எந்த வால்யூமில் என்ற பட்டியலை) பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது நல்லது. கேட்டலாக் இப்போதைய நிலையைச் சொல்லும், இதுவோ சிஸ்டம் உண்மையில் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லும். யூனிக்ஸ் பக்கத்துக்கு டி ஓஎம்விஎஸ், காற்புள்ளி, எஃப். ரூட்டாக மவுண்ட் ஆகியிருக்கும் இசட்எஃப்எஸ் (யூனிக்ஸ் கோப்பு அமைப்பு) டேட்டாசெட்டின் பெயர் வேண்டும். சிஸ்ரெஸ்ஸை மாற்றிவிட்டு ரூட் இசட்எஃப்எஸ்ஸை மாற்ற மறந்த தளங்கள் உண்டு. அங்கே பாதி சிஸ்டத்துக்கு ஒரு ஜோன், மீதிக்கு இன்னொன்று.

வெளியீட்டை உறுதிசெய்ய இன்னொரு வழியும் இருக்கிறது. நினைவகத்தில் சிவிடி என்ற கட்டமைப்புக்குச் சற்று முன்னால் அடிப்படை ஓஎஸ்ஸின் எஃப்எம்ஐடி (வெளியீட்டின் அடையாளக் குறி) பதிந்திருக்கும். 2.4-க்கு ஹெச்பிபி77சி0, 2.5-க்கு ஹெச்பிபி77டி0, 3.1-க்கு ஹெச்பிபி77இ0. சின்ன ரெக்ஸ் நிரலால் அதைப் படித்துவிடலாம். இந்த எஃப்எம்ஐடி நிறுவப்படாத டார்கெட் ஜோன்கள் எல்லாம் போட்டியிலிருந்து உடனே வெளியேறும்.

எல்பார், ஐபிஎல் நேரம், வால்யூம்கள், வெளியீடு, ரூட் இசட்எஃப்எஸ் என ஒரு அட்டவணை போட்டு வையுங்கள். இனி எல்லாம் அதோடுதான் ஒப்பீடு.

இரண்டாம் படி: ஜோன்கள் எத்தனை?

ஜோன்கள் இருக்கும் சிஎஸ்ஐ என்பது விசாம் வகை டேட்டாசெட். அதன் பெயரின் கடைசிப் பகுதி சிஎஸ்ஐ என்றுதான் முடிய வேண்டும் என்பது எஸ்எம்பி/இ-யின் விதி. தேடுவதற்கு இது வசதி. ஒவ்வொரு யூசர் கேட்டலாக்கிலும் அப்படி முடியும் பெயர்களைப் பட்டியலிடுங்கள். கேட்டலாக்கில் இல்லாமல் வால்யூமின் விடிஓசியில் (உள்ளடக்க அட்டவணையில்) மட்டும் தெரிகிற சிஎஸ்ஐ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாரோ வால்யூமை நகலெடுத்ததன் தடயம் அது.

ஒவ்வொரு குளோபல் ஜோனுக்கும், பவுண்டரியை குளோபலுக்கு வைத்து, லிஸ்ட் குளோபல்ஜோன் கொடுங்கள். ஜோன் இண்டெக்ஸ் என்ற பகுதியில் டார்கெட் ஜோன், டிஸ்ட்ரிப்யூஷன் ஜோன் பெயர்களும் அவை இருக்கும் சிஎஸ்ஐ டேட்டாசெட் பெயர்களும் வரும். இங்கே ஒரு பொறி. குளோபல் ஜோனை நகலெடுத்தவர் ஜோன் இண்டெக்ஸைத் திருத்தாமல் விட்டிருந்தால், நகல் குளோபல் ஜோன் மூல சிஎஸ்ஐயையே இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும். "இது சோதனைப் பிரதிதானே" என்று நினைத்து அப்ளை கொடுப்பீர்கள். மாறுவது உற்பத்தி ஜோனின் பதிவு. ஜோன் பெயர்கள் ஒரு குளோபல் ஜோனுக்குள் மட்டும்தான் தனித்துவமானவை. எம்விஎஸ்டி1 என்ற பெயர் மூன்று குளோபல் ஜோன்களில் இருந்தால் அவை மூன்று வெவ்வேறு ஜோன்களாகவும் இருக்கலாம், ஒரே ஜோனுக்கு மூன்று வாசல்களாகவும் இருக்கலாம். சிஎஸ்ஐ டேட்டாசெட் பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

தேவையில்லாதவற்றைக் கழிக்க எஸ்ரெல் (ஜோன் எந்த வகை மென்பொருளுக்கு என்ற குறி) உதவும். இசட்038 என்றால் ஓஎஸ், சி150 என்றால் சிக்ஸ், பி115 என்றால் டிபி2, ஐஎம்எஸ் வகை. ஓஎஸ்ஸுக்குத் தேடும்போது இசட்038 இல்லாத ஜோன்களை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாம் படி: டிடிடெஃப் என்ன சொல்கிறது?

மிஞ்சிய ஒவ்வொரு டார்கெட் ஜோனிலும் லிஸ்ட் டிடிடெஃப் எடுங்கள்; எந்த நூலகத்துக்கு எந்த டேட்டாசெட், எந்த வால்யூம் என்று ஜோனில் எழுதியிருப்பதுதான் டிடிடெஃப். லிங்க்லிப், எல்பிஏலிப், நியூக்ளியஸ், மிக்லிப் ஆகிய நான்கையும் முதலில் பார்த்தால் போதும். வால்யூம் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அட்டவணையில் உள்ள ஐபிஎல் வால்யூமோடு பொருந்துகிறதா?

பொருந்தினால் நல்ல தொடக்கம், முடிவு இன்னும் இல்லை. வால்யூம் பெயர்கள் மறுசுழற்சி ஆகின்றன. ஆறு மாதம் முன்பு அதே பெயரில் வேறு உள்ளடக்கம் இருந்திருக்கலாம்.

டிடிடெஃப்பில் வால்யூமே இல்லையென்றால் கவனம். அப்போது எஸ்எம்பி/இ கேட்டலாக்கைக் கேட்கும். சிஸ்ரெஸ் டேட்டாசெட்கள் வழக்கமாக மறைமுகமாகக் கேட்டலாக் செய்யப்பட்டிருக்கும். வால்யூம் இடத்தில் ஆறு நட்சத்திரக் குறியோ சிஸ்ஆர்1 சிம்பலோ இருக்கும். அதன் பொருள், எந்த வால்யூமிலிருந்து ஐபிஎல் ஆனதோ அந்த வால்யூம் என்பது. எனவே அந்த ஜோனில் எந்த எல்பாரிலிருந்து அப்ளை ஓட்டினாலும் அந்த எல்பாரின் உயிருள்ள நூலகத்தில்தான் எழுதும். இன்றைக்கு ஏ தொகுப்பு, ஐபிஎல்லுக்குப் பிறகு பி தொகுப்பு. இப்படி ஒரு ஜோன் சில வருடம் பயன்பாட்டில் இருந்தால் அதன் பதிவு எந்த வால்யூமோடும் முழுதாகப் பொருந்தாது.

யூனிக்ஸ் பாதைகளையும் பாருங்கள். சர்வீஸ் போன்ற தனி மவுண்ட் பாயிண்ட்டில் தொடங்கும் பாதை என்றால் ஜோனைப் பராமரித்தவர் ஒழுங்கானவர். நேரடியாக யுஎஸ்ஆர் அடைவில் தொடங்கினால், மேலே சொன்ன அதே ஆபத்து.

இன்னொன்று: ஜேசிஎல்லில் (ஜாப்பை இயக்கும் கட்டளை வரிகளில்) டிடி வாக்கியம் எழுதியிருந்தால் டிடிடெஃப்பை எஸ்எம்பி/இ பொருட்படுத்தாது. ஆகவே ஜோனை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வழக்கமாக அப்ளைக்குப் பயன்படுத்தும் ஜாப்பையும் அதன் ப்ரோக்கையும் திறந்து, யாராவது நூலகங்களை அங்கே கையால் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காம் படி: பிரித்துக்காட்டும் பிடிஎஃப்

உண்மையான நிரூபணம் இங்கேதான் இருக்கிறது. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மீதியை மட்டும் செய்தால் எல்லாம் ஊகமாகவே நிற்கும்.

இரண்டு வேட்பாளர் ஜோன்கள் மிஞ்சியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எம்விஎஸ்டிஏ, எம்விஎஸ்டிபி. இரண்டிலும் பத்தாயிரக்கணக்கான சிஸ்மாட்கள் (பிடிஎஃப் முதலான மாற்றங்கள்) பொதுவாக இருக்கும். அவற்றை ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. வித்தியாசம்தான் வேண்டும். ரிப்போர்ட் சிஸ்மாட்ஸ் கட்டளையில் இன்ஜோனாக எம்விஎஸ்டிஏ, கம்பேர்டுடூவாக எம்விஎஸ்டிபி கொடுங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றின் பட்டியல் வரும். அப்படியே திருப்பிப் போட்டு இன்னொரு பட்டியல். இரண்டு ஜோன்களும் வெவ்வேறு குளோபல் ஜோனில் இருந்தால் இந்தக் கட்டளை நேரடியாக உதவாது. இரண்டிலும் லிஸ்ட் சிஸ்மாட் எடுத்து, பெயர்களை மட்டும் பிரித்து, ஐஎஸ்பிஎஃப் சூப்பர்சியில் ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் சில பிடிஎஃப்களைத் தேர்ந்தெடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. லோட் மாட்யூலை மாற்றுகிற பிடிஎஃப் வேண்டும். மேக்ரோவையோ பேனலையோ மட்டும் மாற்றுவதில் தடயம் குறைவு. பின்னால் வந்த வேறொரு பிடிஎஃப் அதை விழுங்கியிருக்கவும் கூடாது. லிஸ்ட் மாட் பார்க்கும்போது ஆர்எம்ஐடி என்ற இடத்தில் உங்கள் பிடிஎஃப் எண்ணே இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் அந்த மாட்யூலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நியூக்ளியஸ், லிங்க்லிப், எல்பிஏலிப் என மூன்று இடங்களுக்கும் ஒவ்வொரு மாட்யூலாவது கிடைத்தால் நல்லது.

மாட் பதிவிலிருந்து அது எந்த எல்மாட்டில் (லோட் மாட்யூலில்) சேர்கிறது என்று தெரியும். எல்மாட் பதிவில் எந்த நூலகம் என்று இருக்கும். டிடிடெஃப்பிலிருந்து டேட்டாசெட் பெயர். வால்யூமை மட்டும் ஜோனிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் அட்டவணையில் உள்ள ஓடுகிற வால்யூமை எடுத்து, ஜேசிஎல்லில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இப்போது ஆம்ப்ளிஸ்ட், அதாவது லோட் மாட்யூலின் விவரங்களை அச்சிடும் நிரல். லிஸ்ட்ஐடிஆர் கட்டுப்பாட்டு வாக்கியத்தோடு அந்த மெம்பரைக் கொடுங்கள். பைண்டர் (மாட்யூல்களை இணைக்கும் நிரல்) எப்போது இணைத்தது என்ற தேதி மேலே வரும். கீழே சிசெக்ட் (மாட்யூலின் பகுதி) வாரியாக அடையாளத் தரவு, அதுதான் ஐடிஆர். ஐபிஎம் மாட்யூல்களில் எஸ்எம்பி/இ இணைக்கும்போது சேர்க்கும் அடையாளத்தில் கடைசியாக மாற்றிய சிஸ்மாட் எண் நிற்கும். அந்த எண் எம்விஎஸ்டிஏ சொன்னதோடு பொருந்தி, எம்விஎஸ்டிபி சொன்னதோடு பொருந்தவில்லை என்றால் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. ஐடிஆரில் எதுவும் இல்லாத மாட்யூல் என்றால், லோட் நூலகத்தை பிரவுஸ் செய்து மாட்யூலின் தொடக்கத்தைப் பாருங்கள். மாட்யூல் பெயர், தேதி, அதற்குப் பக்கத்தில் எஃப்எம்ஐடி அல்லது யுஐ, யுஜே, யுஏ எனத் தொடங்கும் பிடிஎஃப் எண் படிக்கும்படியாகவே இருக்கும். எல்லா மாட்யூலிலும் இருக்காது; இருக்கிற இடத்தில் மிகவும் உதவும்.

தேதியையும் வீணாக்க வேண்டாம். சிஸ்மாட் பதிவில் அந்த பிடிஎஃப் எப்போது நிறுவப்பட்டது என்ற தேதியும் நேரமும் இருக்கிறது. ஐடிஆரில் பைண்டர் தேதி அதே நாளாக இருந்தால் கிட்டத்தட்ட கையெழுத்துப் பொருந்தியது போல. வால்யூமை முழுசாக நகலெடுத்தாலும் பைண்டர் தேதி மாறாது என்பதால் நகல்களிலும் இது வேலை செய்யும். இணைக்காமல் வெறுமனே நகலெடுத்து வைக்கப்படும் மாட்யூல்களில் மட்டும் ஐபிஎம்மின் பழைய தேதி இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

ஒரு திசையில் பொருந்தியதும் நிறுத்திவிடாதீர்கள். ஜோனில் உள்ளது வால்யூமில் இருக்கிறது என்று காட்டினீர்கள். வால்யூமில் உள்ளதெல்லாம் ஜோனில் இருக்கிறதா? இதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். ஓடுகிற லிங்க்லிப்பிலும் எல்பிஏலிப்பிலும் சமீபத்திய பைண்டர் தேதி உள்ள மாட்யூல்களை எடுங்கள், அவற்றில் பதிந்திருக்கும் பிடிஎஃப் எண்களை எடுங்கள், எஸ்எம்பி/இ க்வெரி திரையில் எல்லா ஜோன்களிலும் சேர்த்துத் தேடுங்கள். எந்த ஜோனிலும் இல்லாத எண் ஒன்று தென்பட்டால், இன்னும் நீங்கள் கண்டுபிடிக்காத ஒரு ஜோன் எங்கோ இருக்கிறது, அல்லது யாரோ மாட்யூலைக் கையால் நகலெடுத்திருக்கிறார். நான் பார்த்தவரை, குழப்பமான தளங்களில் உண்மை வெளியே வருவது இந்த எதிர்த்திசைச் சோதனையில்தான்.

ஐந்தாம் படி: வட்டு ஒன்று, நினைவகம் ஒன்று

வால்யூமில் உள்ளது நினைவகத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது. எல்பிஏ (எல்லோருக்கும் பொதுவான நினைவகப் பகுதி) மாட்யூல்கள் ஐபிஎல்லின்போது ஏற்றப்பட்டவை. லிங்க் லிஸ்ட் மாட்யூல்களில் சிலவற்றை எல்எல்ஏ (நூலகத் தேடலை விரைவாக்கும் சிஸ்டம் வசதி) தன் வசம் வைத்திருக்கும். லிஸ்ட் லாக் கொடுத்து எஸ்எம்பி லாகைப் படியுங்கள். கடைசி அப்ளை ஐபிஎல் தேதிக்குப் பின்னால் என்றால், ஜோனும் வட்டும் ஒத்துப்போகலாம், நினைவகம் பின்தங்கியிருக்கும். பேட்ச் போட இது தடையில்லை. ஆனால் "இந்தத் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது" என்று யாருக்காவது பதில் எழுதுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

குறிப்பிட்ட மாட்யூலை நினைவகத்தில் பார்க்க டி ப்ராக், எல்பிஏ கட்டளையில் மாட்யூல் பெயர் கொடுத்தால் முகவரி வரும். டிஎஸ்ஓ-வில் டிடிலிஸ்ட் திறந்து அங்கிருந்தே நினைவகத்தை பிரவுஸ் செய்யலாம். அதே தொடக்க எழுத்துகள், அதே பிடிஎஃப் எண்.

சப்சிஸ்டங்கள்

டிபி2, சிக்ஸ், எம்க்யூ போன்றவற்றுக்கு ஐபிஎல் வால்யூம் எதையும் சொல்லாது. ஸ்டார்டட் டாஸ்க்கின் ஸ்டெப்லிப்பில் (அது நிரல்களை எடுக்கும் நூலக வரிசையில்) என்ன டேட்டாசெட் என்று பார்க்க வேண்டும். பல தளங்களில் எஸ்எம்பி/இ எழுதுகிற டார்கெட் நூலகத்திலிருந்து தனியாக ஓட்ட நூலகத்துக்கு நகலெடுப்பார்கள். அந்த ஓட்ட நூலகத்தின் பெயர் எந்த டிடிடெஃப்பிலும் இருக்காது. பெயரை வைத்துத் தேடினால் "ஜோனே இல்லை" என்று தோன்றும். நகலெடுக்கும் ஜாப்பைக் கண்டுபிடித்தால் முடிச்சு அவிழும். டேட்டாசெட் அலியாஸ் பயன்படுத்தியிருந்தால் லிஸ்ட்கேட் எடுத்து உண்மையான பெயருக்குப் போங்கள்.

டிபி2 இந்த விஷயத்தில் தாராளம். டயக்னோஸ் யுடிலிட்டியில் டிஸ்ப்ளே எம்இபிஎல் கொடுத்தால், ஓடுகிற மாட்யூல்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் பராமரிப்பு நிலையும் வந்துவிடும். ஜெஸ்2-வில் டாலர் டி மாட்யூல் கட்டளை, கடைசி ஏபிஏஆர் (பிழை அறிக்கை எண்), கடைசி பிடிஎஃப் இரண்டையும் காட்டும். ஜெஸ்2 ஓஎஸ் ஜோனிலேயே இருக்கும் தளங்களில் இது இன்னொரு இலவசச் சாட்சி. ஆம்ப்ளிஸ்ட் ஓட்டுவதற்கு முன்பே பாதி விடை இதில் கிடைத்துவிடும்.

எந்த ஜோனும் பொருந்தவில்லை என்றால்

யுசிஎல்இன் (ஜோனின் பதிவை நேரடியாகத் திருத்தும் கட்டளை) எழுதி ஜோனைச் "சரிசெய்ய" ஆசை வரும். விடுபட்ட பிடிஎஃப்களை நிறுவியதாகப் பதிந்துவிட்டால் பட்டியல் அழகாகிவிடும்தான். ஆனால் அந்த பிடிஎஃப்பின் எல்லாப் பகுதிகளும் வால்யூமில் இருக்கின்றன என்பதற்கு யார் பொறுப்பு? ஒரு மாட்யூல் இருந்து இன்னொன்று இல்லாமல் இருந்தால், இனி எஸ்எம்பி/இ அதை ஒருபோதும் போடாது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்று வழி மெதுவானது, நம்பகமானது. வால்யூமும் ஜோனும் பொருந்துகிற ஒரு ஜோடி எங்காவது இருக்கும். மாற்று சிஸ்ரெஸ்ஸாக இருக்கலாம், முதலில் நிறுவியபோது எடுத்த பிரதியாக இருக்கலாம். அதைப் புதிய வால்யூமுக்கு நகலெடுத்து, ஜோனையும் ஜோன்காப்பி மூலம் நகலெடுத்து, ஜோன்எடிட்டில் டிடிடெஃப் வால்யூம்களை மாற்றி, தேவையான நிலைக்குப் பராமரிப்பைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஐபிஎல் செய்யுங்கள். கையால் போட்ட யூசர்மாட்கள் (தளத்தின் சொந்த மாற்றங்கள்), எக்ஸிட்கள் எவை என்று பழைய வால்யூமில் தேடி, இம்முறை அவற்றை எஸ்எம்பி/இ வழியாகவே போடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் அதற்குள் காத்திருக்க முடியாது என்று சொன்னால், அந்த ஒரு பிடிஎஃப் தொடும் மாட்யூல்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓடுகிற நிலையும் ஜோன் சொல்லும் நிலையும் ஒன்றா என்று பாருங்கள். அவை மட்டும் பொருந்தினால் அபாயம் எவ்வளவு என்று தெரிந்து முடிவெடுக்கலாம்.

அப்ளை கொடுக்கும் முன்

ஜோன் உறுதியாயிற்று. அப்போதும் ஓடுகிற வால்யூமில் போடுவது என் வழக்கமில்லை. பொருந்திய ஜோடியை நகலெடுத்து நகலில்தான் போடுவேன். அப்ளை செக் ஓட்டுங்கள். பிழை இல்லை என்று பார்த்ததோடு மூடிவிடாமல், ஃபைல் அலோகேஷன் ரிப்போர்ட் பக்கத்துக்குப் போங்கள். எந்த டிடி பெயருக்கு எந்த டேட்டாசெட், எந்த வால்யூம் என்று அங்கே வரிசையாக இருக்கும். ஓடுகிற வால்யூமின் பெயர் அந்தப் பக்கத்தில் ஒரு இடத்தில் வந்தாலும் நிறுத்துங்கள். யூனிக்ஸ் பாதைகளுக்கும் அதே கண்.

எல்லாம் சரி என்றால், டார்கெட் ஜோனின் விளக்கப் புலத்தில் வால்யூம் பெயரையும் நகலெடுத்த தேதியையும் எழுதிவைத்துவிட்டு அப்ளை கொடுங்கள். புதிய வால்யூமிலிருந்து ஐபிஎல் ஆனதும் டி ஐபிஎல்இன்ஃபோ ஒருமுறை, இப்போது போட்ட பிடிஎஃப்பின் மாட்யூலில் ஆம்ப்ளிஸ்ட் ஒருமுறை. அட்டவணையில் அந்த எல்பாரின் வரியை மாற்றுங்கள், ஜோன் பெயருக்கு ஒரு புதிய பத்தியும் சேருங்கள்.